பிறகு நினைவூட்டு

நரின் நகரில் மே மாதம்.
ஆற்றில் பனி உருகிய மண்நிறத் தண்ணீர்.
கணினி விழிக்கப் பதினொரு நிமிடம்.
அதற்குள் பூட்ஸின் சேற்றை வழித்துப்போட்டு
முதல் கோப்பைத் தேநீரைக்
கசப்பு தட்டும்வரை குடித்துவிடுவேன்.

நீலத்திரையில்
நான்கு வருடமாக அதே வாசகம்:
உங்கள் இயங்குதளத்துக்கான ஆதரவு முடிந்துவிட்டது.

ஆதரவாம்.
இந்தக் கால்நடை மருத்துவமனைக்குக்
கடைசியாக வந்த ஆதரவு
அரை வாளி சுண்ணாம்பு,
அதுவும் கட்டிபட்டுப்போய்.

டின்ச்திக் பென்டிரைவோடு வந்துவிட்டான்.
"பூட்டே இல்லாத வீட்டில் தூங்குகிறாய், எஜே" என்கிறான்.
திருட என்ன இருக்கிறது?
முன்னூற்றுச் சொச்சம் பெண்குதிரைகளின்
கருப்பை அளவுகள்.
எடுத்துப்போகட்டும்.

ஆனால் ஜூலை முதல்
வங்கியின் பக்கம் இதில் திறக்காது.
ஐந்து பேரின் சம்பளம் அந்தப் பக்கத்துக்குள் இருக்கிறது,
என்னுடையதையும் சேர்த்து.
இன்னொரு பக்கம் ஸ்கேன் கருவி.
அதைச் செய்த கம்பெனி இழுத்து மூடி ஆறு வருடம்.
இந்தப் பழையதன் பேச்சு மட்டும்தான் அதற்குப் புரியும்.
புதியது வந்தால்
இரண்டும் ஒரே மேசையில்
பேச்சுவார்த்தை இல்லாத சம்பந்திகள்.

தடுப்பூசி அட்டவணையின் பின்பக்கம்
கோடு கிழித்து எழுதிப் பார்த்தேன்.
இடப்பக்கம் மூன்று, வலப்பக்கம் மூன்று.
ஒன்றை அடித்தேன்.
திரும்ப எழுதினேன்.

"சும்மா ஓட்டிப் பார்ப்போம், ஒன்றும் ஆகாது"
என்று எதையோ தொடங்கிவைத்துவிட்டு
சிகரெட்டுக்கு வெளியே போனான்.

அப்போதுதான் சகின்பெக்கின் லாரி.
நாற்பது கிலோமீட்டர் குலுங்கி வந்த
நெற்றிவெள்ளைக் குதிரை,
கண்ணில் இன்னும் சாலை.
இருபத்தெட்டாம் நாள்.
போன வருடம் இதே கணக்கில் கலைந்துபோனது.

முழங்கைவரை உள்ளே என் வலக்கை.
இடக்கையில் வால்.
திரையில் சாம்பல், சாம்பல்,
பிறகு ஒரு கருப்புக் குளம்,
குளத்தின் ஓரத்தில் ஏதோ...

அதன்மேல் சரியாக வந்து உட்கார்ந்தது
வெள்ளைப் பெட்டி:
இப்போதே நிறுவவா? பிறகு நினைவூட்டவா?

"சகின்பெக், அந்த எலியைப் பிடி."
வாழ்நாளில் மவுஸைத் தொடாத மனிதர்
தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் தொட்டார்.
"எதை அழுத்த?"

எனக்குத் தெரியவில்லை என்பதுதான் உண்மை.
நான்கு வருடமும் கிழித்த கோடும்
அந்த விரலுக்குக் கீழே நின்றன.
காளானைப் போல் தடித்த நகம்.

"முதலில் உயிர் இருக்கிறதா, அதைச் சொல்" என்றார்,
இரண்டையும் விட்டுவிட்டு
மூலையிலிருந்த பெருக்கல் குறியை அழுத்தினார்.
பெட்டி போய்விட்டது.
குளத்தின் ஓரத்தில்
கடுகளவு மினுக்கம்.
அணைந்து, அணைந்து, எரிந்தது.

மூவரும் பேசவில்லை.
குதிரை மட்டும் காற்றுவிட்டது.

திரும்பி வந்த டின்ச்திக்கிடம் சொன்னேன்:
சம்பளத்துக்கு என் மகளின் ஓரம் உடைந்த மடிக்கணினி போதும்.
இது இப்படியே இருக்கட்டும்.
இணையக் கேபிளைப் பிடுங்கு.
பிடுங்கினான்.
கூலி வேண்டாமென்றான்,
வாசல்வரை போய்
திரும்பிவந்து பாதியை வாங்கிக்கொண்டான்.

அட்டையில் எழுதி டேப் ஒட்டினேன்:
இதை எதனோடும் இணைக்காதீர்கள்.

ஒன்றை இருவருமே மறந்துவிட்டோம்.
உள்ளே இருக்கும் காசளவு பேட்டரி எப்போதோ செத்துவிட்டது.
அணைத்து எழுப்பினால்
அதற்கு எப்போதும் 2009, ஜனவரி ஒன்று.
இத்தனை நாளும் இணையம்தான்
காதோடு தேதி சொல்லிக்கொண்டிருந்திருக்கிறது.

இன்று காலை
தேநீரை ஓரமாக வைத்துவிட்டு
நானே தட்டினேன்:
மே, இருபத்து மூன்று.
வருடத்துக்கு
சற்று யோசித்தேன்.